மூன்று வருடக் கணக்கு: வலையபட்டியும் பர்மாவும்

வலையபட்டியில் ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலைத் திறந்து, நடுவிலுள்ள கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டால் கடைசிக் கட்டின் பின்வாசல் வெளிச்சம் தபால்தலை அளவுக்குத் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கிணற்றடி என்று எல்லாம் ஒரே கோட்டில் போகும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோட்டையூர் என்று எந்த நகரத்தார் ஊருக்குப் போனாலும் இதே அமைப்புதான். வெளியூர்க்காரர்கள் வந்தால் முதலில் கேட்பது, "இம்புட்டுப் பெரிய வீட்ல இப்ப எத்தனை பேரு இருக்காங்க?" என்பது. பதில் பெரும்பாலும் வயதான ஓர் ஆச்சி, இல்லாவிட்டால் வாட்ச்மேன் குடும்பம், இல்லாவிட்டால் பூட்டு. கேட்டவர் முகம் வாடிவிடும். அந்தக் காலத்தில் நூறு பேர் கூடி வாழ்ந்த வீடு இன்று பாழாகிவிட்டது என்று தாமாகவே ஒரு வரலாறு எழுதிக்கொண்டு காரில் ஏறுவார்கள்.

அந்த வரலாறு பாதிதான் சரி. ஆண்களைப் பொறுத்தவரை இந்த வீடுகள் கட்டிய நாளிலிருந்தே முக்கால்வாசி காலிதான். வீட்டைக் கட்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். கல்யாணம், சாந்தி, படைப்பு, கோயில் திருவிழா என்று வருகிற நாட்களுக்காகக் கட்டிய வீடு இது. மற்ற நாட்களில் இங்கே இருந்தவர்கள் பெண்கள், கிழவர்கள், குழந்தைகள், வேலைக்காரர்கள். ஒரு ஊர் தன் வருமானம் வந்த இடத்தில் இல்லாமல் செலவு நடந்த இடத்தில் மட்டும் இருந்தால் அதன் வரலாற்றை எங்கிருந்து எழுதுவது? குடமுழுக்கு மலர்கள் கோயிலிலிருந்து எழுதுகின்றன. சுற்றுலாக் கையேடுகள் தேக்குத் தூணிலிருந்து எழுதுகின்றன. நான் கணக்கிலிருந்து எழுதலாம் என்று பார்க்கிறேன். எங்க ஐயா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதினவர். அந்தப் பழக்கதோஷமும் இருக்கலாம்.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். செட்டிநாடு என்ற பெயரில் அரசாங்கப் பதிவேட்டில் ஒரு நாடு இருந்ததில்லை. பாதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தது, பாதி பழைய இராமநாதபுரம் ஜில்லாவில். சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. இராமநாதபுரத்தைப் பிரித்து இப்போதைய சிவகங்கை மாவட்டம் உருவானது 1980களில். நகரத்தார் கணக்கில் ஒருகாலத்தில் 96 ஊர், இப்போது 76. இந்த ஊர்கள் எதற்கும் சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறு கிடையாது. செம்மண், சுக்காங்கல், கருவேலம். மழை பெய்தால் பெய்தது. அதனால்தான் எந்த ஊருக்குப் போனாலும் நடுவே படித்துறை கட்டிய ஊருணி இருக்கும். வீட்டு ஓடுகள் வளவை நோக்கிச் சரிந்திருக்கும். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் வளவு முற்றத்தில் விழும். குடிக்க வேண்டிய அளவு அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் வீட்டுக்கு அடியிலுள்ள வடிகால் வழியாகத் தெருவுக்குப் போய், தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும். வீடுகள் மேட்டில், ஊருணி பள்ளத்தில். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை, தண்ணீரும் ஒரு காரணம். செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே போகிறார்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் இந்த ஊரைத் திட்டமிட்டவர்களின் மூளை தெரியும்.

இந்த மண்ணில் விவசாயம் செய்து தேக்குத் தூண் நிறுத்த முடியாது. வணிகம்தான் வழி. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தோம், சோழ ராஜாவோடு மனத்தாங்கல், பாண்டிய நாட்டுக்கு வந்து இளையாற்றங்குடியில் குடியேறினோம், பிறகு ஒன்பது கோயில்களாகப் பிரிந்தோம் என்பது நகரத்தார் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புராணம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆதாரத்தோடு பேசக்கூடியது பழநி உப்பு வணிகம். பழநியில் உப்பு விற்று, லாபத்தில் முருகனுக்கு மகமை ஒதுக்கிய நகரத்தாரின் பழைய ஆவணங்களை டேவிட் ரட்னர் 1994இல் வெளிவந்த தன் புத்தகத்தில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தைப்பூசத்துக்கு இன்றும் காவடியோடு நடந்து போகிறார்களே, அந்த நடையின் அடியில் ஒரு வியாபாரப் பாதை இருக்கிறது.

உப்பு விற்றவர்களைப் பணம் விற்கிறவர்களாக மாற்றியது வெள்ளைக்காரன் ஆட்சி. 1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி ஆற்றின் கழிமுகம் அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது லாபமாயிற்று. பர்மிய விவசாயிகள் மேல்பர்மாவிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி வந்து காடு வெட்டினார்கள். 1850களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் நிலம் 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகத்தில் அதிக அரிசி ஏற்றுமதி செய்கிற இடம் என்று அதற்குப் பெயர் வந்தது. காடு வெட்டி முதல் அறுவடை எடுக்கிறவரை சாப்பிட வேண்டும், மாடு வாங்க வேண்டும், ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அதற்கான பணத்தை ஆங்கிலேய வங்கிகள் சேற்றில் இறங்கிக் கொடுக்கத் தயாராக இல்லை. செட்டியார் தயாராக இருந்தார்.

இதற்கு ஊரில் ஒரு சொல் உண்டு: கொண்டுவிக்கப் போவது. "அப்பச்சி கொண்டுவிக்கப் போயிருக்காக" என்றால் பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ கடையில் இருக்கிறார் என்று பொருள். பழைய உப்பு மூட்டைக் காலத்துச் சொல் வட்டிக்கடைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலாளி ஊரில் இருப்பார். அவருடைய விலாசத்தில் கடையை நடத்த மேலாள் ஒருவர் போவார். அவருக்கு அடுத்தாள், அதற்குக் கீழே பெட்டியடிப் பையன். சம்பளச் சீட்டு எழுதுவார்கள். தவணை மூன்று வருடம். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். மூன்று வருடம் கழித்துக் கணக்கை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினால் சில மாதங்கள் ஊர்வாசம். பிறகு மறுபடி சீட்டு, மறுபடி கப்பல். மனைவியைக் கூட்டிப்போகும் வழக்கம் இல்லை. ஊரில் அண்ணன் தம்பிகளின் வயதைப் பாருங்கள், மூன்று நான்கு வருட இடைவெளி இருக்கும் என்று எங்க ஐயா சிரித்துக்கொண்டே சொல்வார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வளர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. இருபது வயதில் கல்யாணமாகி ஐம்பது வயதில் ஓய்வு பெற்ற ஓர் ஆள் மனைவியோடு இருந்த நாட்களைக் கூட்டினால் ஏழெட்டு வருடம் தேறுமா?

ஊரை நடத்தினவர்கள் ஆச்சிமார்கள். கல்யாணமான மகனை 'வேறு வைத்து'விடும் வழக்கம் இங்கே பழையது. ஒரே வளவுக்குள் ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனி அடுப்பு. வருடத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு சாமான் என்று கணக்கு. மாமியார் ஒரு பக்கம் உலை வைத்திருப்பார், மருமகள் மறுபக்கம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது கல் மனசாகத் தெரியும். ஆனால் மூன்று வருடம் புருஷன் இல்லாத வீட்டில் ஒரு பெண் யாரிடமும் கையேந்தாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. சீதனப் பணமும் சும்மா கிடக்காது. 'ஆச்சிமார் பணம்' என்று தனித் தலைப்பில் கடையில் வரவு வைத்து வட்டி கணக்குப் பண்ணுவார்கள். கோயில் மகமையும் அப்படியே. இரங்கூன் கடையில் சுழன்ற பணத்தில் வலையபட்டிப் பெண்ணின் சீதனமும் இருந்தது, சாமி பணமும் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1929–30இல் பர்மாவில் வங்கித் தொழில் விசாரணைக் குழு ஒன்று வேலை செய்தது. அதன் மதிப்பீட்டில் பர்மாவில் செட்டியார் கடைகள் சுமார் 1,650. சுழன்ற மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன். இரங்கூன் மொகல் தெருவில் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். அந்த விகிதம் பசேன், பெகு, மோல்மேன் என்று கழிமுகத்துச் சின்னச் சின்ன ஊர்க் கடைகள் வரை போகும். அந்தச் சமூகத்துக்கு அங்கேயே பத்திரிகை இருந்தது: 'தனவணிகன்'. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் இளம் வயதில் இரங்கூனில் அதற்கு ஆசிரியராக இருந்தார். பிறகு உலகம் சுற்றிக் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர் அவர்தான்.

பணம் ஊருக்கு வீடாக வந்தது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, பர்மிங்காம் இரும்பு என்று இந்தப் பட்டியலை எல்லாரும் எழுதியாகிவிட்டது. நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, அதில் கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் விட்டு அரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட நைசாக இருக்கும். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. பிறகு கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். ஒரு சாண் சுவரை ஒரு ஆள் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். நூறு வருடம் கழித்தும் கன்னத்தை வைத்தால் குளிர்கிறது, வெள்ளை அடிக்க வேண்டியதே இல்லை. ஆத்தங்குடித் தரைக்கல்லும் அப்படியே: கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, கையால் வண்ணச் சிமிட்டி ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. இவ்வளவு வேலையும் செய்த கொத்தனாரின், தச்சரின், சிற்றாளின் பெயர் எந்த முகப்பிலும் கிடையாது. முகப்பின் மேல் சுதை லட்சுமி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கும். சில வீடுகளில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாயும் நிற்பான். செய்தவன் எங்கே?

சமையலறைக்குள்ளும் பர்மா வந்தது. கவுனி அரிசி இல்லாமல் இங்கே கல்யாணப் பந்தி இல்லை; அந்தக் கறுப்பரிசி அங்கிருந்து வந்த ருசி. அரக்குப் பூசிய மரவை, மங்குச் சாமான் எல்லாம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டியில் வந்து சேர்ந்தவை.

இங்கே தூரத்து ஊர் ஒன்றைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து மலைக்குள் வால்ஹல்லா என்று ஒரு சிற்றூர். 1860களின் தொடக்கத்தில் அங்கே தங்கம் கிடைத்தது. ஊர் பெருகியது, ஆயிரக்கணக்கில் ஆட்கள், மதுக்கடைகள், தேவாலயங்கள், பள்ளிக்கூடம். செங்குத்தான மலை என்பதால் ரயில் பாதை போடப் பல வருடம் இழுத்து, 1910இல் ஒருவழியாக ரயில் வந்தது. 1914இல் பெரிய சுரங்கம் மூடிவிட்டது. ஊரை வளர்க்க வந்த ரயிலில், ஊரின் வீடுகளைப் பிரித்து ஏற்றி வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இருபது பேர் அளவுதான். மின்சாரக் கம்பி போய்ச் சேர்ந்தது 1998இல். இப்போது அது சுற்றுலா ஊர்.

இதைப் படித்தபோது எனக்குக் காரைக்குடி ரயில் ஞாபகம் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1930இல். செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 1929இல், கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாருக்கு 'செட்டிநாட்டு ராஜா' பட்டம் வந்தது, சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தது. எல்லாம் கூடி வருகிற மாதிரி இருந்த அந்த நேரத்தில்தான் உலகச் சந்தை சரிந்தது. வால்ஹல்லாவுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் சுரங்கம் அவர்கள் காலுக்கடியில் இருந்தது. வற்றினால் கண்ணுக்குத் தெரிந்தது. நம் சுரங்கம் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இருந்தது. அதில் இருந்தது தங்கமில்லை, மனிதர்கள்.

அரிசி விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை, அசலும் கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். ஏழே வருடத்தில் 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் 24 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

இந்த எண்களை வைத்து இரண்டு கட்சிகள் வாதாடுகின்றன. பர்மிய தேசியவாதிகளுக்குச் செட்டியார் நிலம் தின்னி. அக்காலக் கேலிச்சித்திரங்களில் பருத்த வயிற்றோடு வருவார். நம் பக்கத்து மலர்களில் செட்டியார் பர்மாவை வளப்படுத்திய வள்ளல். ஷான் டர்னல் போன்ற பொருளாதார வரலாற்றாளர்கள் சொல்வது, செட்டியார் நிலத்தை விரும்பவில்லை என்பது. அது உண்மைதான். வட்டிக்கடைக்காரனுக்கு நிலம் முடங்கிய பணம். ஊரில் ஆச்சிமாருக்கு வட்டி கட்ட வேண்டும், இரங்கூனில் இம்பீரியல் வங்கிக்குக் கட்ட வேண்டும்; சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விரும்பி எடுக்கவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு எடுத்தவனுடைய விருப்பம் ஒரு பொருட்டா? 1930 டிசம்பரில் தராவதி மாவட்டத்தில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். தலைவரி முதல் காரணம், கடனும் ஒரு காரணம். ஆங்கில அரசு ராணுவத்தைக் கொண்டுவந்து அடக்கியது. 1931 நவம்பரில் சயா சானைத் தூக்கில் போட்டது. இந்தக் கிளர்ச்சியைப் பற்றி எங்கள் பகுதிக் குடமுழுக்கு மலர் எதிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

ஆனால் பேரேட்டில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் காரைக்குடியில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த கட்டொன்றை வாங்கினேன். ஏதோ ஒரு வீட்டைக் காலி பண்ணியபோது வந்தது என்றார் கடைக்காரர். தமிழ் எண்களில், அரை, கால், மாகாணிக் குறிகளோடு எழுதிய பர்மாக் கடைக் கணக்கு. ஐயாவிடம் சின்ன வயதில் கற்றுக்கொண்டதால் எண்கள் படிந்தன, பெயர்கள் படியவில்லை. பக்கம் பக்கமாக மவுங் இன்னார், கோ இன்னார், மா இன்னார். எங்கள் தெருவில், தகப்பனார் பர்மாவில் மேலாளாக இருந்த ஓர் ஆச்சி இருந்தார்கள். தொண்ணூறு வயதுக்கு மேல். கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"இதெல்லாம் பேரு இல்ல தம்பி. கோன்னா அண்ணேன். மவுங்னா தம்பி. மான்னா அக்கா, தங்கச்சி. எங்க அப்பச்சி சொல்லுவாக. அந்த ஊர்ல யாரையும் மொட்டையாக் கூப்பிட மாட்டாகளாம்."

"அப்ப இந்தப் பக்கத்துல இருக்கிறதெல்லாம் கடன் வாங்குனவுகளா ஆச்சி?"

"கடன் வாங்குனவுக. இந்தா, இதுக்கு அங்கிட்டு நெலம் எழுதியிருக்கு பாரு. வாங்குனவுக, குடுத்தவுக. அப்பச்சி கடைசியா வந்தப்ப இதப் பத்தித்தான் பொலம்பிக்கிட்டே இருந்தாக. 'தம்பி தம்பின்னு எழுதி எழுதியே எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டோம்'னு. ஆத்தா அதட்டுவாக, பிள்ளைகளுக்கு முன்னால என்ன பேச்சுன்னு."

வலையபட்டி வரலாற்றுக்கு நான் படித்த புத்தகங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஐந்து நிமிடம் எனக்கு அதிகம் சொன்னது. பர்மாக் கழிமுகத்தைப் பற்றி மைக்கேல் ஆடஸ் எழுதிய புத்தகத்தில் அட்டவணைகள் இருக்கின்றன. ஆனால் ராத்திரி வளவில் உட்கார்ந்து புலம்பிய மேலாள் அட்டவணையில் வரமாட்டார். பா. சிங்காரத்தின் நாவல்களில் வருவார். சிங்கம்புணரிக்காரர், 1938இல் மைடானில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் கடையின் உள்கட்டை, அடுத்தாட்களின் பேச்சை, அவர்களின் ஊர் ஏக்கத்தை எழுதியிருக்கிறார். முதலாளிகளின் வரலாறு கல்வெட்டில் இருக்கிறது. ஆட்களின் வரலாற்றுக்கு இன்றுவரை அந்த இரண்டு நாவல்கள்தான் ஆவணம்.

முடிவு சீக்கிரம் வந்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பரில் இரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். அப்படி நடந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில். காட்டிலேயே செத்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. நடந்தவர்களில் பெரும்பகுதி துறைமுகக் கூலிகளும் வயல் கூலிகளும்தான். யுத்தம் முடிந்ததும் நிலம் திரும்பக் கிடைக்கும் என்று கொஞ்ச நாள் நம்பிக்கை இருந்தது. 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்த வருடமே நில தேசியமயச் சட்டம் வந்தது. 1953இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இழப்பீடு என்பது சட்டத்தில் இருந்தது, கைக்கு வந்தது சொற்பம். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகள், பிறகு கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. காதிலும் கழுத்திலும் இருந்ததைக்கூட விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. காரைக்குடியில் இன்றும் பர்மா காலனி இருக்கிறது. பர்மா வீடு என்று தேக்கு மாளிகையைக் காட்டுகிற கைடுகள் பர்மா காலனிக்குள் யாரையும் கூட்டிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த ஆச்சிமார் பணத்துக்கு வருவோம். கடை போனபோது முதலாளியின் முதல் மட்டும் போகவில்லை. பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் போயிற்று. கோர்ட்டுக்குப் போகிற கடன் இல்லை அது. பங்காளிக்குள், சம்பந்திக்குள் இருந்த வரவு. யாரிடம் கேட்பது? வைரத்தோடு போயிற்று, பிறகு வெள்ளிச் சாமான், பிறகு மரவை, பிறகு மேல்மாடித் தேக்குக் கதவு. 1950களிலிருந்து எங்கள் ஊர்களின் பொருளாதாரம் கொஞ்ச காலத்துக்கு இப்படித்தான் ஓடியது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கிற பழம்பொருள் கடைகளில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு மங்குத் தட்டும் யாரோ ஒரு ஆச்சியின் ஒரு மாதச் சாப்பாடு. வால்ஹல்லாக்காரர்கள் வீட்டை ரயிலில் ஏற்றினார்கள், நாம் லாரியில் ஏற்றினோம். தூண் பெங்களூருக்கோ கொச்சிக்கோ போய், ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கும்.

எல்லாரும் சாய்ந்துவிடவில்லை. முன்யோசனை உள்ளவர்கள் முப்பதுகளிலேயே பணத்தை மில், சினிமா, இன்ஷூரன்ஸ், வங்கி என்று திருப்பினார்கள். மெய்யப்பச் செட்டியார் ஏவி.எம். ஸ்டூடியோவை முதலில் தொடங்கியது காரைக்குடியில்தான். 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி ஆரம்பித்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வர நிலமும் பணமும் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், நகரத்தார் அல்லாதவர்களும், காரைக்குடிக்கு பஸ்ஸேறிப் போய்ப் படித்தது இதனால்தான். என் தலைமுறையில் பட்டம் வாங்கின பாதிப் பேருக்கு அந்தக் கல்லூரிதான் வாசல். கணக்கு எழுதுவதென்றால் இதையும் வரவில் எழுத வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள் இன்று சென்னையில் பெரிய நூலகமாக இருப்பதையும் எழுத வேண்டும்.

2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்கு முன்பிருந்தே சில வீடுகள் ஹோட்டலாகிவிட்டன. நல்லதுதான், ஓட்டை மாற்றவாவது காசு வருகிறது. ஆனால் பாதுகாக்க வேண்டியவை என்று எழுதும் பட்டியலில் தூணும் தரையும் ஓடும் வருகின்றன, காகிதம் வருவதில்லை. பேரேடு, குறிப்பு, ஐந்தொகை, சம்பளச் சீட்டு, கப்பல் கடிதம், மொய்ப்பண ஏடு எல்லாம் பெட்டகத்தில் கரையானோடு கிடக்கின்றன. வீடு விலை பேசும்போது முதலில் வெளியே போவது அவைதான். கிலோ கணக்கில்.

வீட்டை விற்பது அவ்வளவு சுலபமுமில்லை. மூன்று தலைமுறைப் பாகத்தில் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்குதாரர்கள் இருப்பார்கள். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் டல்லாஸில், இரண்டு பேர் பேச்சுவார்த்தையில்லாமல் சென்னையில். எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் இருப்பதற்குப் பலருக்கும் ஒரே காரணம் படைப்பு. இறந்த முன்னோருக்கு வருடா வருடம் அந்த வீட்டில் வைத்துத்தான் படைக்க வேண்டும். அன்றைக்கு வலையபட்டித் தெருவில் கார் நிறுத்த இடமிருக்காது. பூட்டிய கதவுகள் திறக்கும், வளவில் பாய் விரியும், இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகள் ஊருணிப் படியில் செல்பி எடுக்கும். சாப்பாடு முடிந்ததும் பங்காளிகள் வட்டமாக உட்கார்வார்கள். கல்யாணமான ஒரு ஜோடிக்கு ஒரு புள்ளி. மொத்தச் செலவு இவ்வளவு, மொத்தப் புள்ளி இவ்வளவு, புள்ளிக்கு இவ்வளவு. வராதவர்கள் போனிலேயே அனுப்பிவிடுவார்கள். கணக்கை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சரி சொல்வார்கள். போன வருடம் படித்தது ஐம்பது வயது அம்மா ஒருவர், ஏதோ வங்கியில் அதிகாரியாம். புள்ளிக் கணக்கு முடிந்ததும் நான் கொடுத்திருந்த பர்மாப் பேரேட்டின் நகலைக் கையில் எடுத்து, இது நம்ம வீட்டு விலாசமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கைமாறிக் கைமாறிப் போயிற்று. பெரியவர் ஒருவர் தலைப்பிலிருந்த விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நம்முடையது இல்லை, பக்கத்துத் தெருக்காரர்களுடையதாக இருக்கலாம் என்றார். பக்கத்துத் தெருவில் அவர்களுக்குப் படைப்பு மாசியில்.